மேலிருந்து கீழே: கல்குவாரியில் உயிரிழப்பைத் தடுப்பது

சென்னை தரமணியில் சர்தார் படேல் சாலையோரம் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தைச் சேர்ந்த மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. தென்மாநிலத் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கும் பலர் அங்கே பட்டயப் படிப்பு முடித்தவர்கள். அங்கிருந்து சற்று நடந்தால் ராஜீவ் காந்தி சாலை. வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்கள், எழும்பிக்கொண்டிருக்கும் மெட்ரோ தூண்கள், பறக்கும் ரயில் பாதை என எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது கருங்கல் ஜல்லி. ஆற்று மணலுக்குப் பதிலாக இன்று கலக்கும் எம்-சாண்டும் பாறையை உடைத்து அரைத்ததுதான். தொழில் பாதுகாப்பைப் பாடமாகச் சொல்லித்தரும் ஊர் இது. தன் கட்டடங்களுக்கான கல் எங்கே உடைபடுகிறது, அங்கே யார் சாகிறார்கள் என்றும் அது கேட்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஹெல்மெட்டிலும் ஷூவிலும் தொடங்கும். அவை வேண்டும்தான். ஆனால் நூறு அடி உயரத்திலிருந்து பெயர்ந்து வரும் பாறையை எந்த ஹெல்மெட்டும் தாங்காது. குவாரியில் ஆளைக் காப்பது குழியின் வடிவம். அந்த வடிவத்தை முடிவு செய்வது கீழே ஜாக்ஹாமர் பிடித்து நிற்பவர் இல்லை. ஆகவே இந்த அத்தியாயம் முதலில் உரிமையாளருக்கும் மேலாளருக்கும், பிறகு ‘மேட்’ எனப்படும் மேற்பார்வையாளருக்கும் வெடிக்காரருக்கும், கடைசியாகத்தான் தொழிலாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் எழுதப்பட்டிருக்கிறது.

நடந்தவை

2022 மே 14 இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் ஏறத்தாழ 300 அடி ஆழமுள்ள குவாரியில் பாறைகள் சரிந்தன. அந்த நேரத்தில் கீழே கல் ஏற்றிக்கொண்டிருந்த ஆறு பேர் சிக்கினார்கள். மீட்கச் சென்றவர்களின் தலைக்கு மேலேயே மறுபடி மறுபடி கல் சரிந்தது. அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. கடைசி உடலை எடுக்க ஒரு வாரம் ஆனது. இறந்தவர்கள் நான்கு பேர்.

2025 மே 20, சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டை. வெடி வைப்பதற்காகக் குழி போட்டுக்கொண்டிருந்தவர்கள் மீது பாறை சரிந்து ஆறு பேர் உயிரிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2024 மே 1 அன்று, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூரில் வெடிமருந்து வெடித்து மூன்று பேர் மடிந்தார்கள். அன்று தொழிலாளர் தினம்.

அடைமிதிப்பான்குளத்துக்கும் மல்லாக்கோட்டைக்கும் பொதுவானவை மூன்று: ஆழம், செங்குத்தான பாறைச் சுவர், அந்தச் சுவரின் அடியில் ஆட்கள். இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பாறை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழும்போது கீழே யாரும் இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும்.

உங்கள் குவாரி ஒரு சுரங்கம்

சிறு குவாரி நடத்துபவர்கள் பலர் சுரங்கம் என்றால் நெய்வேலி என்றும் கோலார் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம் கட்டடக் கல், ஜல்லி, மண் போன்றவற்றைத் தோண்டும் சிறு இடங்களுக்கு விலக்கு தந்தது. அதற்கு மூன்று நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும்: ஆழம் எங்கும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடிமருந்து பயன்படுத்தக் கூடாது. ஒரு தோட்டா வெடித்தாலும் விலக்கு போய்விட்டது. தமிழ்நாட்டில் வெடி வைக்காத கருங்கல் குவாரி எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சுரங்கம் என்றாகிவிட்டால் கண்காணிப்பது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம், வழக்கில் டி.ஜி.எம்.எஸ். சென்னையில் அதற்கு மண்டல அலுவலகம் உண்டு. குத்தகை தருவதும் கனிமத்தைக் கணக்குப் பார்ப்பதும் மாநிலத்தின் புவியியல் மற்றும் சுரங்கத் துறை. குவாரி அருகே ஓடும் கிரஷர் தொழிற்சாலையாகப் பதிவாகியிருந்தால் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கீழ் வரும். ஒரே முதலாளி, ஒரே வாசல், மூன்று துறைகள். "அவர் அனுமதி கொடுத்துவிட்டார்" என்று ஒரு துறையின் காகிதத்தை இன்னொரு துறைக்குக் காட்டிப் பயனில்லை. கனிமக் குத்தகை கையில் இருப்பதால் குழி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

2025 நவம்பர் 21 முதல் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, சுரங்கச் சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டிருக்கிறது. பழைய விதிமுறைகள், புதியவற்றோடு முரண்படாத அளவில், இடைக்காலத்தில் தொடர்கின்றன. அதனால் கல்குவாரிக்காரர் கையில் இருக்க வேண்டிய நூல் இன்றும் 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள்தான். கீழே வரும் அளவுகளில் பெரும்பாலானவை அதிலிருந்து வருபவை.

படி

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கெட்டியான பாறையில் குழியின் பக்கங்களைப் படிப்படியாக வெட்ட வேண்டும், ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது 106ஆம் ஒழுங்குமுறை. படியின் அகலம் உயரத்துக்குக் குறையாமல் இருப்பது நடைமுறையில் ஏற்கப்பட்ட அளவு. பெரிய இயந்திரம் வைத்து இன்னும் உயரமாக வெட்ட வேண்டுமானால் டி.ஜி.எம்.எஸ்-இடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மேலே கிடக்கும் சவுடு, சரளை, களிமண் போன்ற இளக்கமான மண்ணுக்கு அளவு இன்னும் கடுமை: சரிவு 45 பாகைக்குள், அல்லது 1.5 மீட்டர் உயரப் படிகள். விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரமோ தளர்ந்த கல்லோ குப்பையோ இருக்கக் கூடாது. அடியைக் குடைந்து மேலே பாறையைத் தொங்கவிடக் கூடாது.

படி என்ன செய்கிறது? மேலிருந்து பெயரும் கல் ஆறு மீட்டர் விழுந்ததும் அடுத்த படியில் தங்கிவிடுகிறது. படி இல்லாத சுவரில் அதே கல் நேரே அடிமட்டம் வரை வரும், வரும் வழியில் மோதித் தெறிக்கும். மேலும், படி இருந்தால்தான் ஒருவர் அங்கே நடந்து போய்ப் பாறையைத் தட்டிப் பார்க்க முடியும், லூஸ் கல்லைக் கடப்பாறையால் நெம்பித் தள்ள முடியும். 200 அடி செங்குத்துச் சுவரின் நடுவில் இருக்கும் விரிசலை யார் போய்ப் பார்ப்பது?

படி வெட்டத் தொடங்க வேண்டிய இடம் மேல்மட்டம். முதலில் மேல்மண்ணை அகற்றி, முதல் படியைப் பின்னுக்குத் தள்ளி, அதன் பிறகே இரண்டாவது படிக்கு இறங்க வேண்டும். உண்மையில் நடப்பது வேறு. கல் அடியில் நன்றாக இருக்கிறது, பாதை அடிவரை போடப்பட்டாகிவிட்டது, டிப்பர் நிற்கிறது. மேலே போய் வெட்ட இயந்திரத்தை ஏற்ற வேண்டும், செலவு, நாள். அதனால் அடியிலேயே இன்னும் கொஞ்சம் என்று வெட்டுகிறார்கள். அடி போகப் போக மேலே இருப்பதைத் தாங்க எதுவும் இல்லாமல் போகிறது.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இதை ஒவ்வொரு குத்தகைதாரரும் தன் நிலத்துக்குப் போட வேண்டும். ஒரு ஹெக்டேர் சதுர நிலம், பக்கம் 100 மீட்டர். எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட வேண்டும் என்பது விதி; இரு பக்கமும் சேர்த்து 15 போக மிச்சம் 85 மீட்டர். இயந்திரமும் டிப்பரும் திரும்ப அடித்தளம் 30 மீட்டராவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் உயரம், 6 மீட்டர் அகலம் என்று இரு பக்கமும் இறக்கினால் ஐந்து படி, அதாவது 30 மீட்டர், சுமார் 100 அடி வரை போகலாம். ஆறாவது படிக்கு இடமில்லை. இது படி முகம் நேர்செங்குத்தாக நிற்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. முகத்துக்குச் சரிவு கொடுத்தால், டிப்பர் ஏறும் பாதைக்கு இடம் ஒதுக்கினால், இன்னும் குறையும். 300 அடி ஆழம் போக வேண்டுமானால் இதே கணக்கில் பக்கத்துக்கு 225 மீட்டர், அதாவது 5 ஹெக்டேர் நிலம் தேவை.

ஆகவே இரண்டு மூன்று ஏக்கர் குத்தகையில் 300 அடி இறங்கியிருக்கும் குழியைக் கண்டால் அங்கே ஆவணத்தைத் தேட வேண்டியதில்லை. படி இல்லை என்பதை நிலத்தின் அளவே சொல்லிவிடுகிறது. கனிம அலுவலரும் வட்டாட்சியரும் ஊராட்சித் தலைவரும் போடக்கூடிய கணக்கு இது. குத்தகை கேட்கும்போதே அதிகபட்ச ஆழத்தை இந்த முறையில் கணக்கிட்டு, சுரங்கத் திட்டத்தில் எழுதி, குழியின் வாசலில் பலகையாக வைத்துவிடுங்கள். கல் மிச்சம் இருக்கிறது என்பதற்காக அந்த ஆழத்தைத் தாண்டாதீர்கள்.

சென்னைக்காரர்களுக்கு இதன் பழைய வடிவம் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் கைவிடப்பட்ட குவாரிகள் இன்று நீர்நிலைகளாகக் கிடக்கின்றன. 2019 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். வற்றிய காலத்தில் அந்தச் சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு செங்குத்து என்று. அங்கேயுள்ள பாறை சார்னோக்கைட், மிகக் கடினமானது. கடினமான பாறை மனிதரை ஏமாற்றுகிறது. "இது இரும்பு மாதிரி நிற்கும்" என்பார்கள். கல் உடைந்து விழுவது அரிது. ஏற்கெனவே பாறைக்குள் ஓடும் பிளவுகளில் வழுக்கித்தான் அது விழுகிறது. பிளவு குழியை நோக்கிச் சாய்ந்திருந்தால், அதற்குள் மழைநீரோ களிமண்ணோ புகுந்திருந்தால், மேலே உள்ள கல் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பயனில்லை.

காலையில் யார் பார்க்கிறார்கள்

வேலை தொடங்கும் முன் தகுதி பெற்ற ஒருவர் குழியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். டி.ஜி.எம்.எஸ் தேர்வில் சான்றிதழ் பெற்ற மேட் இதற்கானவர். அவர் மேலிருந்து தொடங்கட்டும். விளிம்புக்குப் பின்னால் நிலத்தில் புதிய வெடிப்பு உண்டா? நேற்று இருந்த வெடிப்பு அகன்றிருக்கிறதா? வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து இடைவெளியை அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். மில்லிமீட்டர் கணக்கில் நகர்வதும் நகர்வுதான். ஓரிரு நாளில் வேகம் கூடினால் கீழே ஒருவரும் இறங்கக் கூடாது.

பிறகு படிகள். கடப்பாறையால் பாறையைத் தட்டினால் கெட்டியான கல் மணிபோல் ஒலிக்கும். பின்னால் இடைவெளி விழுந்த கல் மந்தமாக, வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் கல்லை மேலிருந்தபடி, கயிறும் இடுப்புப் பட்டையும் கட்டி, கீழே ஆள் இல்லாதபோது நெம்பித் தள்ள வேண்டும். பொடிக்கல் உதிர்வது, இல்லாத இடத்தில் நீர் கசிவது, இரவில் விழுந்த புதுக் கல் அடியில் கிடப்பது எல்லாம் எச்சரிக்கை.

மழை பெய்த மறுநாளும், வெடி வைத்த பிறகும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். குழிக்கு மேலே சுற்றிலும் வாய்க்கால் வெட்டி மழைநீரை வெளியே திருப்பிவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு டிப்பர் டீசலைவிட அதிகமிருக்காது. குழிக்குள் தேங்கிய நீரை இறைத்து முடித்த உடனே ஆளை இறக்காதீர்கள். அதுவரை நீரின் தாங்கலில் நின்ற சுவர் அப்போதுதான் தாங்கல் இழக்கிறது.

இரவு வேலையை நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் தளம் தெரியும், 200 அடிக்கு மேலே உள்ள விரிசல் தெரியாது. அடைமிதிப்பான்குளத்தில் சரிவு நடந்தது இரவில். ஜார்க்கண்டின் ராஜ்மகால் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று 23 பேரைப் புதைத்த மண்மேட்டுச் சரிவும் இருட்டிய பிறகுதான்.

பெயருக்கு ஒரு மேலாளர், பெயருக்கு ஒரு மேட் என்று சான்றிதழை மட்டும் கோப்பில் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். பார்வையிட வேண்டியவர் ஊரில் இல்லாத நாளில் அந்தக் குழியை யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். அவர் கையெழுத்து நோட்டில் இருந்தால் இன்னும் மோசம்.

வெடி

வெடி நேரம் ஊருக்கே தெரிந்த, மாறாத நேரமாக இருக்கட்டும். மதிய உணவு இடைவேளை நல்லது. விதிப்படி 300 மீட்டர் ஆரமுள்ள வட்டம் அபாயப் பகுதி; நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 2017 விதிகள் 500 மீட்டர் கேட்கின்றன. ஆழ்துளை போட்டு வெடிக்கிறீர்கள் என்றால் நீங்களும் 500 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தை வெட்டும் ஒவ்வொரு பாதையிலும் சிவப்புக் கொடியோடு ஒரு ஆள், சைரன், எல்லோரும் வெளியேறினார்களா என்று தலை எண்ணிக்கை. எண்ணிக்கை பொருந்தும் வரை வெடிக்காரர் சாவியைத் தொடக் கூடாது. ஆடு மேய்ப்பவரையும் விறகு பொறுக்குபவரையும் சேர்த்துத்தான் எண்ணிக்கை.

வெடிக்காத குழிதான் மிகப் பெரிய எதிரி. வெடித்த சத்தத்தை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் பொறுத்திருங்கள், அரை மணி நேரமாவது யாரும் நெருங்க வேண்டாம். மருந்தைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள். பழைய குழியிலோ, வெடித்து மிஞ்சிய துளையின் அடிப்பகுதியிலோ திரும்பத் துளை போடவே கூடாது. அங்கே மருந்து மிச்சம் இருக்கலாம். பணிமுறை மாறினால், வெடிக்காத குழி எங்கே என்பதை எழுத்திலும் நேரிலும் அடுத்தவருக்குக் காட்டிவிட்டே போக வேண்டும்.

மருந்து இறக்கும்போது பக்கத்தில் தேவையற்ற ஒருவரும் இருக்கக் கூடாது. டெட்டனேட்டரும் மருந்தும் ஒரே வண்டியில், ஒரே அறையில் சேரக் கூடாது. இடி முழங்கினால் வேலையை விட்டு விலகுங்கள். மின் டெட்டனேட்டர்களின் உற்பத்தி, இருப்பு, இறக்குமதியை 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு தடை செய்திருக்கிறது. மலிவாகப் பழைய சரக்கு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

வண்டிகள், கிரஷர்

டிப்பர் பாதையின் வெளிவிளிம்பில் மண்கரை வேண்டும். அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியின் அச்சு உயரத்துக்குக் குறையாத கரை. அமெரிக்கச் சுரங்க விதிகளும் இதே அளவைத்தான் சொல்கின்றன. பின்னால் எடுக்கும்போது ஒலி எழுப்பும் கருவி வேலை செய்கிறதா என்று ஓட்டுநர் தினமும் பார்க்கட்டும். மதிய வெயிலில் டிப்பரின் அடியில் படுத்துத் தூங்கும் பழக்கம் உயிரைப் பறிக்கிறது. திட்டித் தடுக்க முடியாது, வேறு நிழல் கொடுத்துத்தான் தடுக்க முடியும். கொட்டகை போடுங்கள், தண்ணீர்ப் பானை வையுங்கள். ஹிட்டாச்சியின் கை சுழலும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

கிரஷரில் ஒரே விதி: பெல்ட்டைச் சரிசெய்யும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சரிசெய்பவரே தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தரமணியிலேயே இருக்கும் குழி

குவாரி தூரத்தில் இருக்கிறது என்று நகரத்துப் பொறியாளர் ஆறுதல் கொள்ள வேண்டாம். அடித்தளத்துக்குத் தோண்டும் குழியும் சரிவதற்கு அதே காரணங்கள்தான். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போது, தரமணிக்குப் பக்கத்து வேளச்சேரியில் ஐந்து பர்லாங் சாலையோரம் கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த பெரும் பள்ளம் சரிந்து, அருகில் இருந்தவர்களையும் உள்ளே இழுத்தது. இரண்டு பேர் இறந்தார்கள். பல நாள் நீர் இறைத்த பிறகே உடல்கள் கிடைத்தன. 2025 மே மாதம் டைடல் பூங்கா அருகே சாலை உள்வாங்கி ஒரு கார் பள்ளத்துக்குள் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் நல்லவேளையாகப் பிழைத்தார்கள்.

தரமணியும் வேளச்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய நிலம். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், மழைக்காலத்தில் தரைமட்டத்துக்கே வரும். இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 3764, மண்ணில் 1.5 மீட்டரைத் தாண்டும் எந்தப் பள்ளத்தின் பக்கங்களுக்கும் முட்டுக் கொடுக்கச் சொல்கிறது. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்காகத் தெருவில் தோண்டும் ஆளுயரப் பள்ளத்துக்கும் இது பொருந்தும். அந்தப் பள்ளத்தில் இறங்கியவரின் நெஞ்சு வரை மண் மூடினாலே மூச்சு விட முடியாது. பருவமழை எச்சரிக்கை வந்தால் பள்ளத்தைச் சுற்றியிருக்கும் காவலாளி கொட்டகை, தளவாட அறை, கன்டெய்னர் அலுவலகம் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். விடுமுறை விட்டாலும் காவலுக்கு ஒருவரை அங்கேயே படுக்கவைக்கும் வழக்கம் உண்டு. அவரையும் அனுப்பிவிடுங்கள்.

"மேலே ஏறு" என்று சொல்லும் உரிமை

கீழே நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். பொடிக்கல் அவர் தோளில்தான் விழுகிறது. ஆனால் வேலையை நிறுத்தச் சொன்னால் அன்றைய கூலி போகும், நாளை வராதே என்பார்கள். பல குவாரிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். "அண்ணே, மேலே ஏதோ சத்தம் கேட்குது" என்று சொல்லக்கூட அவர்களிடம் மொழி இல்லை.

சுரங்க விதிகளின்படி பாதுகாப்புக் குழு 100 பேருக்கு மேல் உள்ள சுரங்கத்தில்தான் கட்டாயம். தொழிலாளர் சார்பு ஆய்வாளர் 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான். இருபது பேர் வேலை செய்யும் கல்குவாரி இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. ஆட்கள் சாவது அங்கேதான். ஆகவே சட்டம் கேட்காவிட்டாலும் உங்கள் குவாரியில் மூன்று பேர் குழு வையுங்கள்: மேட், ஓர் இயந்திர ஓட்டுநர், துளை போடுபவர்களில் ஒருவர். வெளிமாநிலத்தவர் இருந்தால் அவர்களில் ஒருவர் கட்டாயம். மூவரில் யார் விசில் ஊதினாலும் எல்லோரும் பாறையை விட்டு விலகி மேலே வர வேண்டும். காரணம் பிறகு கேட்கலாம். எச்சரிக்கை பொய்யாகப் போனாலும் ஊதியவரைக் கடிந்துகொள்ளக் கூடாது, அந்த நேரத்துக்கான கூலியை யாருக்கும் பிடிக்கக் கூடாது. டன் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில் இதற்கு ஒரு நாள்படி ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் விசில் கழுத்தில் தொங்கும், யாரும் ஊத மாட்டார்கள்.

புதிய சட்டத் தொகுப்பு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளர், முதலாளியிடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் அதைத் தெரிவிக்கலாம் என்கிறது. கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதியாவது குடும்பத்துக்குச் சேரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் மற்றவர்களை வெளியேற்றுங்கள். பிறகு தலை எண்ணிக்கை. சரிந்த பாறை இன்னும் சரியும். அண்ணனும் மச்சானும் புதைந்திருக்கும்போது நில் என்று சொல்வது கொடுமையாகத் தெரியும். ஆனாலும் ஒருவர் விளிம்பில் நின்று மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் எவரும் உள்ளே போகக் கூடாது. 108, 112 இரண்டுக்கும் பேசுங்கள். குவாரிக்கு வரும் வழியை, எந்தக் கிளைச் சாலை என்பதோடு, முன்பே ஒரு அட்டையில் எழுதி வாசலில் ஒட்டியிருந்தால் பதற்றத்தில் உளற மாட்டீர்கள். கைகால் பல மணி நேரம் பாறைக்கடியில் நசுங்கிக் கிடந்தவரை, மருத்துவக் குழு வந்து நரம்பில் திரவம் ஏற்றத் தொடங்கும் முன் சட்டென்று விடுவிக்காதீர்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் நச்சு இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

டி.ஜி.எம்.எஸ்-க்கும் மாவட்ட ஆட்சியருக்கும் உடனே தகவல் போக வேண்டும். உயிரை மீட்பதற்கும் அடுத்த விபத்தைத் தடுப்பதற்கும் தவிர, சம்பவ இடத்தைக் கலைக்கக் கூடாது. இரவோடு இரவாக இயந்திரத்தை இறக்கி இடத்தைச் சமன்படுத்துவது குற்றம்.

குடும்பத்தாருக்கு ஒன்று. இழப்பீடு மாதச் சம்பளத்தையும் இறந்தவரின் வயதையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், வயது குறைவாக இருந்தால் அந்த எண் பெரியது. எனவே சம்பளம் எவ்வளவு, அவர் அங்கேதான் வேலை பார்த்தார் என்பதற்கான சான்று இப்போதே சேரட்டும்: வங்கியில் விழுந்த கூலி, மேஸ்திரி அனுப்பிய செல்போன் தகவல், வருகைப் பதிவேட்டின் படம், ஆதார் நகல். சாவு வீட்டுக்கே வந்து ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தொகையைக் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வரும் விதி. நேரில் கொடுத்த பணம் முன்பணமாகக் கழியலாம், முழு இழப்பீடு கொடுத்ததாகக் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் அந்த ஆணையர் பொறுப்பைத் தொழிலாளர் துறையின் துணை ஆணையர்கள் பார்க்கிறார்கள். மனுவோடு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், மேலே சொன்ன கூலிச் சான்றுகள் ஆகியவற்றை இணைத்து நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.